தனியாகப் போனவரும் மனைவியோடு போனவரும்... கடல் தாண்டிய இரண்டு தம்பதிகளின் கதை!

கல்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது கச்சிராயபாளையம். ஒரு பக்கம் கோமுகி அணை, இன்னொரு பக்கம் கரும்புக் காடு, நடுவில் சர்க்கரை ஆலை. இங்கிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போக பஸ்தான். சென்னை விமான நிலையம் போக வேண்டுமென்றால் முதல் நாள் இரவே கிளம்பினால்தான் நிம்மதி.

இப்படிப்பட்ட ஊர்களில் புதிதாகக் கல்யாணமான பிள்ளையும் மருமகளும் வெளிநாடு கிளம்பும் வீடுகளை இப்போது சாதாரணமாகப் பார்க்கலாம். எடை மெஷினில் பெட்டியை வைத்து வைத்து எடுப்பார்கள். இட்லிப் பொடியா, புளிக்காய்ச்சலா, எதை எடுத்துவிட்டு எதை வைப்பது என்று பஞ்சாயத்து நடக்கும். அப்பா பாஸ்போர்ட்டை நாலாவது முறையாகச் சரிபார்ப்பார். அம்மா மட்டும் குலதெய்வக் கோயில் திருநீற்றை ஒரு பேப்பரில் மடித்து, யாரும் பார்க்காத நேரத்தில் கைப்பையின் ஓரத்தில் செருகுவார்.

கிளம்பும்போது பெரியவர்கள் கேட்கும் கேள்விகள் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். ''அங்கே சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க? பக்கத்துல கோயில் இருக்கா? ஒருத்தருக்கு உடம்பு முடியலைன்னா இன்னொருத்தர் பார்த்துப்பீங்கல்ல?''

சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுப் போகிற கேள்விகள் இவை. ஆனால், இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைக்காமல் ஓர் உயிர் போயிருக்கிறது. அந்தப் பதில் கிடைத்ததால் இன்னொரு வாழ்க்கை ஜெயித்திருக்கிறது. இரண்டுமே தமிழ்நாட்டு வீடுகளில் நடந்தவை. இரண்டுமே உலகம் அறிந்த பெயர்கள். நமக்கு அவர்களின் கணக்கு தெரியும், விண்வெளி தெரியும். அவர்களின் குடும்பம் அவ்வளவாகத் தெரியாது.

நாமகிரித் தாயாரின் அனுமதி

கணித மேதை ராமானுஜனுக்கும் ஜானகிக்கும் 1909-ல் திருமணம் நடந்தபோது அவருக்கு 21 வயது. ஜானகிக்கு 10 வயது. அன்றைய வழக்கப்படி அவர் வயதுக்கு வந்த பிறகுதான், 1912-ல், சென்னையில் கணவரோடு குடித்தனம் வந்தார். ராமானுஜன் அப்போது துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா. வீட்டில் மாமியார் கோமளத்தம்மாளின் ராஜ்ஜியம்.

1913 ஜனவரியில் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 'இங்கிலாந்துக்கு வாருங்கள்' என்று பதில் அழைப்பு வந்தது. ஆனால், ஆசாரமான வைணவக் குடும்பத்தில் கடல் தாண்டுவது பாவம். தாண்டினால் சாதியை விட்டே தள்ளிவைப்பார்கள். முதலில் ராமானுஜன் மறுத்துவிட்டார்.

பிறகு மனம் மாறியதற்குக் காரணமாகக் குடும்பத்தில் சொல்லப்படுவது நாமக்கல் நாமகிரித் தாயார். கல்வராயன் மலையிலிருந்து தென்மேற்கே சேலத்தைத் தாண்டிப் போனால் நாமக்கல். அவர்களின் குடும்ப தெய்வம் அங்கே இருக்கும் நாமகிரித் தாயார்தான். அம்மாவின் கனவில் தாயார் வந்து, 'மகனின் வழியில் குறுக்கே நிற்காதே' என்று சொன்னதாக ஒரு செய்தி உண்டு. ராமானுஜனே நாமக்கல் கோயிலில் தங்கி உத்தரவு கேட்டதாக இன்னொரு செய்தியும் உண்டு. எது எப்படியோ, சாஸ்திரம் போட்ட பூட்டைத் திறக்க அந்த வீட்டுக்கு ஒரு தெய்வத்தின் சாவி தேவைப்பட்டது.

1914 மார்ச் 17-ம் தேதி ராமானுஜன் சென்னையில் கப்பலேறினார். அதற்கு முன்பே அம்மாவையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு ரயிலேற்றிவிட்டார். குடுமியை எடுத்து, கோட்டும் ஷூவும் போட்ட தன் கோலத்தை அவர்கள் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். அதனால் கப்பல் புறப்பட்டபோது கையசைக்க ஜானகி துறைமுகத்தில் இல்லை. அவருக்கு வயது 14.

ஒரு கரண்டி ரசம்

கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி அறையில் ராமானுஜன் தானே சமைத்துச் சாப்பிட்டார். சுத்த சைவம். கல்லூரி உணவுக்கூடத்தில், காய்கறிகூட எந்தக் கொழுப்பில் பொரித்தது என்று தெரியாது என்பதால் அந்தப் பக்கமே போகவில்லை. அவர் போய்ச் சேர்ந்த சில மாதங்களில் முதல் உலகப் போர் தொடங்கியது. காய், பழம், பால் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. ஊரிலிருந்து பார்சல் வருவதும் கடினமானது.

கணக்கில் மூழ்கினால் அவருக்கு நேரம் தெரியாது. தொடர்ந்து பல மணி நேரம் வேலை, அப்புறம் எப்போதோ ஒரு வேளை சமையல், எப்போதோ தூக்கம். 'சாப்பிட்டு அப்புறம் எழுதுங்கோ' என்று சொல்ல அந்த அறையில் ஆள் இல்லை.

அந்தத் தனிமை எவ்வளவு ஆழமானது என்பதைக் காட்ட ஒரு சம்பவம் சொல்வார்கள். ஒருமுறை, திருமணம் நிச்சயமான ஓர் இந்திய நண்பரையும் அவர் மணக்கப்போகும் பெண்ணையும் விருந்துக்கு அழைத்துத் தன் கையால் சமைத்துப் பரிமாறினார் ராமானுஜன். ரசம் இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடித்தார்கள். மூன்றாவது முறை ஊற்ற வந்தபோது 'போதும்' என்றார்கள். சிறிது நேரத்தில் ராமானுஜனைக் காணோம். வீட்டைவிட்டே வெளியேறி, ஆக்ஸ்ஃபோர்டு போய்ச் சில நாள்கள் கழித்துத்தான் திரும்பினார். தன் சமையல் பிடிக்கவில்லை என்று நினைத்துவிட்டாராம்.

கேட்கும்போது வேடிக்கையாக இருக்கும். யோசித்துப் பார்த்தால் தொண்டை அடைக்கும். வீட்டை விட்டு வந்த ஒருவருக்கு ரசம் என்பது வெறும் ரசம் அல்ல. அதை ஒருவர் வேண்டாம் என்றால், தன்னையே வேண்டாம் என்றதுபோல் ஆகிவிடுகிறது.

1917-ல் அவர் நோயில் விழுந்தார். அதன்பிறகு ஒவ்வோர் ஊராக மருத்துவமனை வாசம். 1918-ல் லண்டனில் ரயில் தண்டவாளத்தில் விழுந்து உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். ரயில் சில அடி தூரத்தில் நிறுத்தப்பட்டதால் பிழைத்தார். விந்தை என்னவென்றால், அதே 1918-ல்தான் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ பட்டமும், டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ பதவியும் அவருக்குக் கிடைத்தன. உலகம் கைதட்டிய வருடமும், அவர் வாழ்வே வேண்டாம் என்று நினைத்த வருடமும் ஒன்றே.

இந்தப் பக்கம் கடிதங்கள் பெரும் பிரச்னையாகின. கணவனும் மனைவியும் எழுதிக்கொண்டவை பல, மாமியாரைத் தாண்டி உரியவர் கைக்குப் போகவில்லை. வீட்டிலிருந்து கடிதம் வராதது அவரை வாட்டியது. எழுதியும் பதில் வராதது இவரை வாட்டியது. ஜானகி தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்.

1919 மார்ச்சில் பம்பாயில் வந்து இறங்கிய ராமானுஜனை அழைத்துப்போக அம்மா வந்திருந்தார். அவர் தேடியது ஜானகியை. 'அவள் எங்கே?' என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று.

அதன்பிறகு அவர்கள் சேர்ந்திருந்தது ஒரே ஒரு வருடம். அந்த ஒரு வருடமும் ஜானகி அவருக்குச் செய்தது பணிவிடை. ஒத்தடம் கொடுப்பது, நேரத்துக்கு உணவு தருவது, அவர் எழுதிப்போடும் தாள்களைப் பொறுக்கி எடுத்துப் பத்திரப்படுத்துவது. 'நீ என்னோடு வந்திருந்தால் எனக்கு இந்த நோய் வந்திருக்காது' என்று ராமானுஜன் தன்னிடம் சொன்னதாக ஜானகி பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததாகச் சொல்வார்கள்.

1920 ஏப்ரல் 26-ம் தேதி சென்னை சேத்துப்பட்டில் ராமானுஜன் இறந்தார். அவருக்கு 32 வயது. ஜானகிக்கு 21. கடல் தாண்டியவர் என்பதால் இறுதிச்சடங்குக்கு வரவே உறவினர்கள் சிலர் தயங்கினார்கள் என்பது இன்னொரு கொடுமை.

செய்தித்தாளில் பார்த்த பெயர்

அந்த வாரம் இன்னொரு வீட்டில் ஓர் அம்மா, பத்து வயதுகூட நிரம்பாத தன் மகனிடம் செய்தித்தாளில் வந்த அந்த மரணச் செய்தியைச் சொன்னார். 'ராமானுஜன் என்ற பெரிய கணித மேதை இறந்துவிட்டாராம்.' அந்தப் பையனுக்கு அந்தப் பெயர் மனதில் தங்கிவிட்டது. அந்தப் பையன் பெயர் சந்திரசேகர். அறிவியல் உலகம் பின்னாளில் அவரை 'சந்திரா' என்று அழைத்தது.

சந்திரா 1910-ல் லாகூரில் பிறந்தார். அப்பா சுப்பிரமணிய ஐயர் ரயில்வே கணக்குத்துறை அதிகாரி. சித்தப்பா, பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய சி.வி.ராமன். அம்மா சீதாலட்சுமி. படிப்பு சென்னை மாநிலக் கல்லூரியில். அங்கே இயற்பியல் வகுப்பில் அவருக்கு ஒரு வருடம் ஜூனியர், லலிதா துரைசாமி.

1920-களின் கடைசியில் ஒரு பெண் இயற்பியல் படிப்பது அபூர்வம். ஆனால், லலிதாவின் வீடு அப்படிப்பட்ட வீடு. சிறு வயதிலேயே விதவையாகி, பட்டம் பெற்று, இளம் விதவைகளைப் படிக்கவைத்த 'சிஸ்டர்' சுப்புலட்சுமி, லலிதாவின் பெரியம்மா. ஆகவே, பெண் படிக்கலாமா என்ற கேள்வியே அந்த வீட்டில் எழவில்லை.

ஒரே கல்லூரி, மயிலாப்பூரில் அருகருகே வீடு. இருவருக்கும் பிடித்துப்போனது. ஆனால், 1930 ஜூலை கடைசியில் சந்திரா பம்பாயில் கப்பலேறினார். அரசு உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ் படிப்பு. அப்போது அம்மா சீதாலட்சுமி உடல்நலமில்லாமல் இருந்தார். இந்த நிலையில் போகலாமா என்று வீட்டில் பேச்சு எழுந்தபோது, போகச் சொன்னவர் அந்த அம்மாதான்.

அந்தக் கப்பல் பயணத்தில்தான், ஒரு நட்சத்திரம் எரிந்து முடிந்தபின் எந்த எடைக்கு மேல் இருந்தால் அமைதியாக அணைந்துபோக முடியாது என்பதை 19 வயது சந்திரா கணக்கிட்டார். சூரியனைப் போல ஏறக்குறைய 1.4 மடங்கு. இன்று அது 'சந்திரசேகர் எல்லை' என்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

அடுத்த ஆண்டு, 1931 மே மாதம், அம்மா இறந்துவிட்டார். மகன் கேம்பிரிட்ஜில் இருந்தார். கிளம்பி வர முடியாத தூரம். வெளிநாட்டில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் நடு ராத்திரியில் போன் ஒலித்தால் பயப்படுவது எதற்காகவோ, அது அவருக்கு நடந்துவிட்டது.

ஆறு வருடக் கடிதங்கள்

1930-லிருந்து 1936 வரை சந்திராவும் லலிதாவும் சந்திக்கவே இல்லை. வீடியோ கால் இல்லை, போன் இல்லை. ஒரு கடிதம் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். எழுதிய கேள்விக்குப் பதில் வருவதற்குள் கேட்டவரின் மனநிலையே மாறிவிடும். ராமானுஜன், ஜானகிக்கு நடந்ததைப் போல இங்கே யாரும் கடிதத்தை நடுவில் நிறுத்தவில்லை என்பதுதான் வித்தியாசம்.

அந்த ஆறு வருடத்தில் சந்திரா பட்ட அடி சாதாரணமானதல்ல. 1935 ஜனவரி 11-ம் தேதி, லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் தன் கண்டுபிடிப்பைச் சொன்னார். அவர் பேசி முடித்ததும் எழுந்த எடிங்டன், அன்றைய உலகின் மிகப்பெரிய வானியலாளர், அதை மொத்தமாகக் கேலி செய்தார். அரங்கம் சிரித்தது. 24 வயது இளைஞனுக்கு அந்த அரங்கில் தோள் கொடுக்க ஒருவர்கூட எழவில்லை.

1936-ல் ஊருக்கு வந்தார். செப்டம்பரில் லலிதாவைத் திருமணம் செய்துகொண்டார். பெரியவர்கள் பார்த்து முடித்த சம்பந்தம் அல்ல, இருவரும் தேர்ந்தெடுத்துக்கொண்ட வாழ்க்கை.

அதே பயணத்தில் அவர் செய்த இன்னொரு வேலை உண்டு. ராமானுஜனின் நல்ல புகைப்படம் ஒன்றுகூட கேம்பிரிட்ஜில் இல்லை, கிடைத்தால் கொண்டுவரும்படி ஹார்டி கேட்டிருந்தார். சந்திரா தேடிப்போய் ஜானகியைச் சந்தித்தார். முதலில் படம் எதுவும் இல்லை என்றே தோன்றியது. கடைசியில் ராமானுஜனின் பாஸ்போர்ட் கிடைத்தது. அதில் ஒட்டியிருந்த படம்தான் இன்று பாடப்புத்தகங்களிலும் அறிவியல் புத்தகங்களிலும் நாம் பார்க்கும் ராமானுஜன் முகம்.

கல்யாணத்துக்காக ஊருக்கு வந்த 25 வயது இளைஞனும், 37 வயது ஜானகியும். அந்தச் சந்திப்பில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதைவிட, ஒருவரைத் தனியாக விழுங்கிய கடலை இன்னொருவர் மனைவியோடு தாண்டப்போகிறார் என்பதுதான் நினைக்க நினைக்க நெஞ்சில் நிற்கிறது.

பனியில் ஒரு வீடு

சந்திராவும் லலிதாவும் முதலில் கேம்பிரிட்ஜ் போனார்கள். அங்கிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்கா. விஸ்கான்சின் மாநிலத்தில் வில்லியம்ஸ் பே என்ற சிற்றூர். அங்கே அப்போது சிகாகோ பல்கலைக்கழகத்திடம் இருந்த யெர்க்ஸ் வானாய்வகம். லென்ஸால் ஆன தொலைநோக்கிகளில் உலகிலேயே பெரியது அங்கேதான் இருக்கிறது. 1937 தொடக்கத்தில் அங்கே வேலையில் சேர்ந்தார் சந்திரா.

ஏரிக்கரை. குளிர்காலத்தில் ஏரியே உறைந்துபோகும். மயிலாப்பூரில் மாடவீதி, காய்கறிக்காரர், எதிர்வீட்டு மாமி என்று வாழ்ந்த லலிதாவுக்குச் சுற்றிலும் வெள்ளைப் பனி. சேலை கட்டிய பெண்ணை அந்த ஊர் அதுவரை பார்த்திருக்குமா என்பதே சந்தேகம். ஆனால், பிற்கால நோபல் விழாப் படங்களிலும்கூட லலிதா சேலையில்தான் இருக்கிறார்.

சாப்பாடு? இருவரும் கடைசிவரை சைவம். இன்றைக்குப்போல் 'வீகன்' மெனு இல்லாத காலம். இந்திய மளிகைக் கடை இல்லை. அதே சைவம்தான் ராமானுஜனை வாட்டியது. இங்கே அது வாட்டவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தது போர்க்காலமும் நோயும் மட்டுமல்ல. சமையலறையில் இன்னொருவர் இருந்தார் என்பதும்தான்.

அதற்காக லலிதா கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். அவரும் இயற்பியல் படித்தவர். திருமணத்துக்கு முன் வேலை பார்த்தவர். அமெரிக்கா போன பிறகு அந்தப் படிப்பைத் தொடர்ந்து தனக்கென ஓர் ஆய்வு வாழ்க்கையை அவர் அமைத்துக்கொள்ளவில்லை. இன்று 'டிபெண்டன்ட் விசா'வில் போய், பட்டப்படிப்பை அலமாரியில் வைத்துவிட்டு, பகல் முழுக்க ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு அந்த விலை என்னவென்று நன்றாகவே தெரியும். தன் வாழ்வின் மையமே லலிதாவின் பொறுமையும் ஆதரவும்தான் என்று நோபல் பரிசு பெற்றபோது எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் சந்திரா மனம் திறந்து பதிவு செய்தார். அது நன்றியா, கடன்பட்ட உணர்வா? இரண்டும்தான் என்று தோன்றுகிறது.

நிறம் பார்த்த நாடு

அன்றைய அமெரிக்கா நிறம் பார்த்த நாடு. ஹோட்டலில் அறை இருந்தும் இல்லை என்பார்கள். 1938-ல் சிகாகோ வளாகத்தில் வானியல் வகுப்பெடுக்க சந்திராவின் பெயர் முன்மொழியப்பட்டபோது, அவரின் நிறத்தைக் காரணம் காட்டி ஒரு டீன் எதிர்ப்புத் தெரிவித்தார். விஷயம் பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸிடம் போனது. சந்திரசேகர் கட்டாயம் வகுப்பெடுக்க வேண்டும் என்று சொல்லிப் பிரச்னையை அத்தோடு முடித்தார் அவர்.

அதற்குப் பிறகு, 1940-களில், யெர்க்ஸிலிருந்து சிகாகோவுக்கு வாரம்தோறும் நூறு மைலுக்கு மேல் கார் பயணம் செய்து ஒரு வகுப்பெடுத்தார். பதிவு செய்திருந்த மாணவர்கள் இரண்டே பேர். பனி கொட்டும் சாலையில் இரண்டு பேருக்காக இவ்வளவு தூரமா என்று கேட்டவர்கள் உண்டு. அந்த இருவர் லீ, யாங். இருவருக்கும் 1957-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. வகுப்பு மொத்தமும் நோபல் வாங்கிய கதை இது. ஆசிரியருக்கு அப்போது இன்னும் கிடைக்கவில்லை!

எந்த மண் நம் மண்?

வெளிநாடு போன ஒவ்வொரு தம்பதியும் என்றாவது ஒரு நாள் இரவு விளக்கணைத்த பிறகு பேசிக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. 'எப்ப ஊருக்குத் திரும்பப்போறோம்?'

சந்திராவும் லலிதாவும் 1936-ல் கிளம்பியபின் 1951-ல்தான் ஊருக்கு வந்தார்கள். 15 வருடம். நடுவில் உலகப் போர் வந்து போனது. இந்தியா சுதந்திரம் அடைந்தது. அவர்கள் கிளம்பியபோது பிரிட்டிஷ் இந்தியாவாக இருந்த ஊர், திரும்பி வந்தபோது குடியரசு.

அமெரிக்கச் சட்டமோ 1946 வரை இந்தியர்கள் குடியுரிமை கேட்கவே இடம் தரவில்லை. அந்த ஆண்டு சட்டம் மாறியது. அப்போதும் ஆண்டுக்கு 100 இந்தியர்கள்தான் குடியேறலாம் என்று வரம்பு வைத்தார்கள். 1953-ல் இருவரும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்கள். சென்னையில் இருந்த அப்பாவுக்கு அது பெரிய வருத்தம். மகன் படித்துவிட்டு ஊருக்கு வந்து பெரிய நிலைக்கு வருவான் என்று காத்திருந்தவர். அந்த வருத்தத்துக்குச் சரி, தவறு என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. கிரீன் கார்டு வந்த செய்தியை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கும் பிள்ளைகளுக்கும், 'சந்தோஷம்பா' என்று சொல்லிவிட்டு போனை வைத்த பிறகு சிறிது நேரம் திண்ணையில் உட்காரும் அப்பாக்களுக்கும் அது புரியும்.

சாமியும் நம்பிக்கையும்

இந்த இரண்டு வீட்டிலும் சாமி எங்கே இருந்தார்?

ராமானுஜன் தன் கணக்குகளை நாமகிரித் தாயார் தந்தது என்று சொன்னதாக நாம் படித்திருக்கிறோம். ஆனால், எல்லா மதங்களும் தனக்கு ஏறக்குறைய சம அளவில் உண்மையாகவே தோன்றுவதாக அவர் தன்னிடம் சொன்னார் என ஹார்டி எழுதியிருக்கிறார். தாயார் மீது பக்தி கொண்ட மகன் ஊரில், எல்லாம் ஒன்றுதான் என்று பேசிய நண்பர் கேம்பிரிட்ஜில். இரண்டில் எது நிஜம் என்று இன்றும் வாதாடுகிறார்கள். வெளிநாட்டில் வாழும் பலருக்கு இரண்டுமே நிஜமாகத்தான் இருக்கும்.

சந்திரா வெளிப்படையாகவே தன்னை நாத்திகர் என்று சொன்னவர். கோயில் இல்லை, வேண்டுதல் இல்லை. ஆனால், ஊரைவிட்டுப் புறப்பட்டபோது இருந்த சைவப் பழக்கத்தை 85-வது வயதை நெருங்கி இறக்கும் வரை விடவில்லை. சாமியை விட்டவர் சாப்பாட்டு நியமத்தை விடவில்லை. கடவுள்மேல் இல்லாத நம்பிக்கையை அவர் எதன்மேல் வைத்தார்? உழைப்பின்மேல், பிறகு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட மனைவியின்மேல்.

தமிழில் ஒரு வசதி உண்டு. சாமிமேல் வைப்பதற்கும் 'நம்பிக்கை'தான். மனுஷர்மேல் வைப்பதற்கும் 'நம்பிக்கை'தான். இரண்டுக்கும் தனித்தனி வார்த்தை நம் வீடுகளில் தேவைப்படவில்லை.

காத்திருந்த இரண்டு பெண்கள்

1983 அக்டோபர் 19. சந்திராவின் 73-வது பிறந்தநாள். அன்றுதான் அவருக்கு இயற்பியல் நோபல் அறிவிப்பு வந்தது. எடிங்டன் கேலி செய்த அந்த 1935 மாலைக்குப் பிறகு ஏறக்குறைய 49 வருடங்கள். அத்தனை வருடமும் கூடவே இருந்தவர் லலிதா.

1995-ல் சந்திரா இறந்தார். 1999 ஜூலை 23-ம் தேதி நாசா தன் எக்ஸ்ரே விண்வெளித் தொலைநோக்கியை அனுப்பியது. அதன் பெயர் 'சந்திரா'. ராக்கெட் கிளம்பியதை நேரில் பார்த்தார் 88 வயது லலிதா. 2013-ல் தன் 102-வது வயதில் அவர் சிகாகோவில் இறந்தார்.

ஜானகி? கணவர் இறந்தபின் சில வருடங்கள் பம்பாயில் அண்ணன் வீட்டில் இருந்தார். தையல் கற்றுக்கொண்டார். சென்னை திரும்பி, திருவல்லிக்கேணியில் ஒரு சிறிய வீட்டில் தைத்துக்கொடுத்து வாழ்ந்தார். சிறிய ஓய்வூதியம் வந்தது. ஒரு மகனைத் தத்தெடுத்து வளர்த்தார். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே அந்தச் சிலை என்று அவர் முதுமையில் ஆதங்கப்பட்டதை அறிந்த உலகக் கணித அறிஞர்கள் பணம் திரட்டினார்கள். அமெரிக்கச் சிற்பி பால் கிரான்லண்ட், அந்த பாஸ்போர்ட் படத்தைப் பார்த்துத்தான் சிலையை வடித்தார். சந்திரா தேடி வாங்கிவந்த அதே படம். அரை நூற்றாண்டு கழித்து அது வெண்கல முகமாக ஜானகியின் வீட்டுக்கே திரும்பி வந்தது. 1994-ல் 95 வயதில் அவர் இறந்தார்.

கணவரோடு கடல் தாண்டியவர் ஒருவர். தாண்டாதவர் ஒருவர். இருவரும் நீண்ட ஆயுளோடு வாழ்ந்தார்கள். ஒருவருக்குக் கணவரோடு வாழ்ந்த 59 வருடங்கள் இருந்தன. இன்னொருவருக்கு, குடித்தனம் வந்த பிறகு கூட்டிப்பார்த்தால் மூன்று வருடங்கள்கூடத் தேறாது.

கைப்பையில் இருக்கும் திருநீறு

இந்த இரண்டு குடும்பமும் படிப்பும் வசதியும் தொடர்பும் இருந்த சமூகத்திலிருந்து வந்தவை. கரும்பு வெட்டிய கூலியில் பிள்ளையைப் படிக்கவைத்து பிளைட் ஏற்றும் கல்வராயன் மலையடிவாரத்து வீடுகளின் கதை வேறு. வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போகும் பலருக்கு மனைவியை உடன் அழைத்துப்போகும் விசாவே கிடைக்காது. அந்த வீடுகளில் இன்னமும் ஒரு ஜானகி காத்திருக்கிறார். ஆனால், அவர் கையில் போன் இருக்கிறது. நடுவில் யாரும் கடிதத்தை நிறுத்த முடியாது. அது சின்ன விஷயமல்ல.

சேர்ந்து போக முடிந்தவர்களுக்கு வேறு கணக்கு. அவர் ஆபீஸ் போனபின் அவருக்கு என்ன வேலை, இவர் படிப்பை என்ன செய்வது, அப்பா அம்மாவை யார் பார்ப்பது, எந்தப் பண்டிகைக்கு ஊருக்கு வருவது என்று கிளம்புவதற்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. லலிதாவின் தலைமுறையில் அந்தப் பேச்சு ஒரு பக்கமாகத்தான் முடிந்திருக்கும். இன்று அப்படி முடிய வேண்டியதில்லை.

கச்சிராயபாளையத்திலோ வேறெந்த ஊரிலோ பெட்டி கட்டும் வீட்டில், கைப்பை ஓரத்தில் அம்மா செருகிய அந்தத் திருநீற்றுப் பொட்டலம், பிள்ளைக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, கூடவே போகும். குளிர் நாட்டில் ஏதோ ஓர் இரவு, இருவரில் ஒருவருக்குக் காய்ச்சல் அடிக்கும்போது, இன்னொருவர் ரசம் வைத்துவிட்டு அந்தப் பொட்டலத்தைத் தேடி எடுத்து நெற்றியில் இட்டுவிடுவார்.

'அங்கே சாப்பாடு, கோயில், உடம்பு...' என்று பெரியவர்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் அந்த இரவில்தான் பதில் கிடைக்கும்.